நான்காவது வாரம் யார் போவது?

சபை வாழ்க்கை: வாசகர் கேள்வி - பதில்

சபையில் நோய், சாவு, கடன், குடும்பச் சண்டை என்று வரும்போது எப்படிப் போய்ப் பார்ப்பது, எப்படித் தாங்குவது என்று மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டார வாசகர்கள் கேட்டவற்றை இந்த மாதம் சேர்த்துத் தருகிறோம். கேட்டவர்கள் விருப்பப்படி பெயர்களைப் போடவில்லை.

கேள்வி: தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தபோது ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இப்போது சபையின் முப்பது குடும்பங்களும் ஐந்தாறு தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) சிதறிக் கிடக்கிறோம். ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய் வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் சேதி தெரிகிறது. மனத்தாங்கல் வருகிறது. என்ன செய்வது?

பதில்: லயத்தில் சேதி சொல்லும் வேலையைச் சுவர் செய்தது. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். தாமானில் கேட் பூட்டியிருக்கும். அந்த வேலையை இனி ஆள் வைத்துத்தான் செய்யவேண்டும். முப்பது குடும்பம் என்றால் ஆறு பேர் போதும், ஆளுக்கு ஐந்து வீடு. பக்கத்துத் தாமானில் இருப்பவருக்கே அந்த வீடுகளைக் கொடுங்கள். வாரம் ஒருமுறை போனில் பேசவேண்டும். வாட்ஸ்அப் குழுவில் "எல்லாரும் நலமா?" என்று போட்டால் நலமாக இருப்பவர்கள்தான் கைகூப்பும் படம் போடுவார்கள். படுத்திருப்பவர் பதில் போடமாட்டார்.

தொடர்ந்து இரண்டு ஞாயிறு ஒருவரைக் காணவில்லை என்றால் திங்கள் மாலைக்குள் அழைக்கவேண்டும். "ஏன் ஆராதனைக்கு வரலை?" என்று தொடங்கினால் வருகைப் பதிவு எடுப்பதுபோல் இருக்கும். "உங்களைப் பார்க்கலையே, உடம்பு எப்படி?" என்று கேட்டால் போதும்.

பொதுவாக ஒரே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். தேதி, போனவர், அந்த வீட்டுக்கு என்ன தேவை, அதை யார் எந்த நாளுக்குள் செய்வது என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். வீட்டில் கேட்ட அந்தரங்கங்களை அதில் எழுதாதீர்கள். அந்த நோட்டு ஒருநாள் யாராவது ஒருவரின் மோட்டார் கூடையில் கிடக்கும்.

போகும் நேரமும் முக்கியம். பால் மரம் (ரப்பர்) வெட்டுகிறவர் விடியுமுன் எழுந்தவர், மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை தூங்குவார். மாலை ஐந்தரைக்கு மேல் போகலாம். பேக்டரியில் ஷிப்ட் பார்க்கிறவரைக் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு எல்லாரும் சேர்ந்து போகும் வழக்கத்தை விட்டுவிடலாம் என்பது எங்கள் கருத்து. வாசலில் ஏழு கார் நிற்கும். நோயாளியின் மனைவி அடுக்களையில் பதினெட்டுக் குவளைக்குத் தண்ணி கலக்கிக்கொண்டிருப்பார். அவரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டார்கள். இரண்டு பேர், இருபது நிமிடம், அது போதும். கணவனை இழந்தவர், தனியாக இருக்கும் பெண் என்றால் இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும். ஆயருக்கும் இதே விதிதான்.

கேள்வி: ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என்ன வாங்கிக்கொண்டு போகலாம்? நாங்கள் வழக்கமாக மைலோ, ஆரஞ்சு, கோழிச் சாறு போத்தல் கொண்டுபோவோம்.

பதில்: அந்தப் பை கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் அப்படியே இருந்து, டிஸ்சார்ஜ் அன்று வீட்டுக்குத் திரும்பிவரும். சில நோயாளிகளுக்கு அது ஆபத்தும்கூட. என்ன நோய் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

சிறுநீரகம் கெட்டவருக்கு இளநீர், வாழைப்பழம், டுரியான், ஆரஞ்சு ஜூஸ் கொண்டுபோகாதீர்கள். இவற்றில் பொட்டாசியம் அதிகம். கெட்ட சிறுநீரகம் அதை வெளியேற்றாது, ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். பெலிம்பிங் என்று பாசாரில் (சந்தையில்) விற்கும் நட்சத்திரப் பழத்தைக் கண்ணிலேயே காட்டக்கூடாது. அதில் உள்ள நச்சு நல்ல சிறுநீரகம் உள்ளவருக்குப் பொதுவாக ஒன்றும் செய்யாது. இவர்களுக்கு விடாத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். மைலோவிலும் ஹார்லிக்சிலும் பாஸ்பரஸ் பிரச்சினை. குடிக்கும் தண்ணீருக்கே மில்லிலிட்டர் கணக்கு வைத்திருப்பார்கள். "தொண்டை காய்ஞ்சிருக்கு, குடிங்கக்கா" என்று அன்போடு கொடுக்கும் ஒரு குவளை அந்தக் கணக்கைக் கெடுக்கும். ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ஒரு ஆப்பிள் போதும்.

பக்கவாதம் வந்தவருக்கு வாயில் எதையும் வைக்காதீர்கள், ஒரு மிடறு தண்ணீர்கூட. விழுங்கும் தசை தளர்ந்திருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். விழுங்க முடிகிறதா என்று சோதித்துப் பார்த்துவிட்டார்களா என மிஸ்ஸியிடம் (தாதியிடம்) கேளுங்கள். ஆப்பரேஷனுக்குக் காத்திருப்பவரும் வெறும் வயிற்றில் இருப்பார். டெங்கி என்றால் நீங்களாக வலி மாத்திரை கொடுக்கக்கூடாது. ஆஸ்பிரின், ஐபுபுரோபென் வகைகள் ரத்தக்கசிவைக் கூட்டும்.

உண்மையில் தேவைப்படுபவை வேறு. நீளமான வயர் உள்ள போன் சார்ஜர், துண்டு, செருப்பு, சிறிய டிஷ்யூ கட்டு, காவல் இருப்பவருக்கு ஒரு பொட்டலம் சோறு. காவல் இருப்பவர் பெரும்பாலும் மகளோ மருமகளோதான். அவரைக் கீழே கேண்டீனுக்கு அனுப்பிவிட்டு ஒரு மணி நேரம் நீங்கள் உட்கார்ந்திருந்தால் அதைவிடப் பெரிய உதவி இல்லை. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள் என்றால் வீட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிட ஆள் வேண்டும். முதலில் அதைக் கேளுங்கள்.

அரசாங்க மருத்துவமனைகளில் பார்வை நேரம் வழக்கமாக மதியம் 12.30 முதல் 2.00 வரை, மாலை 4.30 முதல் 7.00 வரை. வார்டுக்கு வார்டு மாறும், வாசல் பலகையைப் பாருங்கள். சிறு பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். உங்களுக்கே சளி, இருமல் என்றால் போனில் பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வார்டில் சத்தமாக ஜெபிக்கலாமா?

பதில்: வேண்டாம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் நோய்தான். நோயாளியிடம் "ஜெபிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி இரண்டு நிமிடம் போதும். ஜெபத்துக்குள் செய்தி அறிக்கை வாசிக்காதீர்கள். "ஆண்டவரே, இந்தச் சகோதரிக்கு வந்திருக்கும் புற்றுநோயை..." என்று தொடங்கி, அவரிடம் வீட்டார் சொல்லாமல் வைத்திருந்ததை அவர் முதன்முதலில் ஜெபத்திலேயே கேட்கும்படி ஆகிவிடும்.

கேள்வி: எங்கள் சபை மூப்பர் ஒருவருக்கு டயாலிசிஸ். வாரம் மூன்று தடவை. மகன் சிங்கப்பூரில் வேலை. ஆரம்பத்தில் எல்லாரும் கார் கொடுத்தோம், இரண்டு மாதத்தில் ஓய்ந்துவிட்டது. வெட்கமாக இருக்கிறது.

பதில்: ஓய்ந்ததற்குக் காரணம் அன்புக் குறைவு இல்லை, கணக்குப் போடாததுதான். ஒரு தடவை உட்கார்ந்தால் நான்கு மணி நேரம். முன்னும் பின்னும் சேர்த்தால் ஐந்துக்கு மேல். கொண்டுபோனவரே காத்திருந்து கூட்டிவரவேண்டும் என்றால் ஒரு முழு நாள் சம்பளம் போகும். போவதையும் வருவதையும் பிரித்துவிடுங்கள். வாரத்துக்கு மூன்று போக்கு, மூன்று வரவு, மொத்தம் ஆறு. ஆறு பேர் இருந்தால் ஆளுக்கு வாரம் ஒரே ஒரு தடவை. கூடுதலாக இருவரைப் பதிலாளாக வையுங்கள். பெட்ரோல் காசைச் சபை நிதியிலிருந்து மாத முடிவில் கொடுத்துவிடவேண்டும்; "வேணாம் பாஸ்டர்" என்று சொல்கிறவருக்கும்தான். வாங்காமல் ஓட்டுகிறவரே முதலில் நின்றுவிடுவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆட்களை மாற்றுங்கள்.

ஓட்டுகிறவர்களுக்குச் சில விஷயங்கள் தெரிந்திருக்கவேண்டும். முடிந்தவுடன் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்த பிறகே எழுப்புங்கள். மோட்டாரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவராதீர்கள், மயங்கினால் விழுந்துவிடுவார். ஊசி போடும் கையில் ரத்தக்குழாயை இணைத்திருப்பார்கள். அந்தக் கையைப் பிடித்துத் தூக்குவது, அதில் பை மாட்டுவது, இறுக்கமாக வாட்ச் கட்டுவது எதுவும் கூடாது. குழாய் அடைத்தால் மறுபடி ஆப்பரேஷன். வழியில் ஊசி இடத்தில் ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை மடித்து விரலால் விடாமல் அழுத்துங்கள். நிற்காவிட்டால் வீட்டுக்குப் போகாமல் மையத்துக்கே திருப்புங்கள்.

செலவு விஷயம். அவர் வேலை செய்த காலத்தில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) கட்டியவர் என்றால் டயாலிசிஸ் உதவிக்கு முதலில் அங்கே கேட்கவேண்டும். சமூக நல இலாகா அடுத்த கதவு. சபைப் பணத்தை அந்த இரண்டும் கொடுக்காத இடத்துக்கு வையுங்கள்.

கேள்வி: சாவு வீட்டில் சபை என்ன செய்யவேண்டும்? ஆராதனை, பாட்டு எல்லாம் நன்றாக நடத்துகிறோம். ஆனால் அடக்கம் முடிந்தபின் அந்த விதவையை நாங்கள் மறந்துவிடுகிறோம் என்று ஆயரம்மா வருத்தப்படுகிறார்.

பதில்: ஆயரம்மா சொல்வது சரி. இதற்குப் பதில் கொஞ்சம் நீளும்.

முதல் நாள் காகித வேலை. ஆஸ்பத்திரியில் இறந்தால் அடக்க அனுமதிக் கடிதத்தை அவர்களே ஏற்பாடு செய்வார்கள். வீட்டில் இறந்தால் அருகில் உள்ள போலீஸ் நிலையத்துக்குத் தெரிவித்து, அனுமதியை எங்கே வாங்குவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இறந்தவரின் ஐசியையும் (அடையாள அட்டையையும்) தெரிவிப்பவரின் ஐசியையும் எடுத்துப் போங்கள். 7 நாட்களுக்குள் தேசியப் பதிவிலாகாவில் இறப்பைப் பதியவேண்டும். இறந்தவரின் ஐசியை அங்கே வாங்கிக்கொள்வார்கள், அதனால் அதற்கு முன்பே இரு பக்கமும் நகல் எடுத்துவையுங்கள். இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் பத்து நகல். இதற்கெல்லாம் அழுதுகொண்டிருக்கும் மகனை அலையவிடாமல் மலாய் நன்றாகப் பேசும் ஒருவரைச் சபை ஒதுக்கிவிடவேண்டும்.

இறந்தவர் வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் விபத்தில் போனார் என்றால் அது சொக்சோ சட்டப்படி வேலை விபத்துக் கணக்கில் வரும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். "பெரட்டுக்குப் போகும் வழிதானே, வேலை ஆரம்பிக்கலையே" என்று விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. போலீஸ் புகாரில் எங்கிருந்து எங்கே போனார், எத்தனை மணி என்பது தெளிவாக இருக்கவேண்டும். இது கைவிட்டுப் போனால் மனைவி பிள்ளைகளுக்கு மாதா மாதம் வரவேண்டிய பென்ஷன் போகும். செம்பனை வெட்டும்போது குலை விழுந்தோ, அலுமினியக் கம்பு மின்கம்பியில் பட்டோ இறந்தாலும் இதே வழிதான்.

இபிஎப் (ஊழியர் சேமநிதி) பணத்துக்கு நியமனதாரர் யார் என்று பாருங்கள். முஸ்லிம் அல்லாதவர் என்றால் நியமனத்தில் பெயர் உள்ளவருக்கே பணம் சொந்தமாகும். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டு அப்படியே விட்டவர்கள் நிறைய. அப்புறம் மாமியாரும் மருமகளும் ஒரே கல்லறையின் இரு பக்கத்தில் நின்று பேசாமல் போவார்கள். சபையில் வருடம் ஒருமுறை, யாரும் சாகாத ஒரு மாதத்தில், எல்லாரையும் தங்கள் நியமனத்தைப் பார்த்துவரச் சொல்லலாம். 60 வயதுக்குள் இறந்த உறுப்பினரின் குடும்பத்துக்கு இபிஎப் தரும் 2,500 ரிங்கிட் இறப்பு உதவியும் உண்டு. அதற்கு இறந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும். துக்கத்தில் இருப்பவருக்கு ஆறு மாதம் ஆறு நாள்போல் ஓடிவிடும்.

இனி பேச்சு. யோபுவின் மூன்று நண்பர்களும் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. வாய் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. "கடவுள் சித்தம்", "நல்ல சாவு", "பிள்ளைங்களுக்காக மனசைத் தேத்திக்கோ", "எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான்..." இந்த நான்கையும் விட்டுவிடுங்கள். "என்ன உதவி வேணும்னாலும் கேளும்மா" என்பதும் பயனில்லாதது, யாரும் கேட்கமாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை நான் பாசாருக்குப் போறேன், உங்களுக்கும் காய்கறி எடுத்துட்டு வர்றேன்" என்றால் மறுக்கமாட்டார்.

அடக்கம் முடிந்து பதினாறாம் நாள் வரை வீட்டில் ஆள் இருக்கும், சோறும் மிஞ்சும். அதற்குப் பிறகுதான் வீடு காலியாகும். நான்காவது வாரத்தில் முதல் கரண்ட் பில் வரும், அதைக் கட்டிவந்தவர் இல்லை. அதனால் அடக்க நாளிலேயே நோட்டில் தேதி போட்டுவிடுங்கள்: மூன்றாவது நாள், பத்தாவது நாள், நான்காவது வாரம், மூன்றாவது மாதம், அவர் பிறந்த நாள், முதல் கிறிஸ்துமஸ், முதல் வருடம். ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு பெயர். முதல் நாள் சமையலுக்குப் பத்துக் குடும்பம் போட்டி போடும். அவர்களில் பாதிப் பேரை நான்காவது வாரத்துக்குத் தள்ளுங்கள்.

போகும்போது இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள். நாம் பெயர் எடுத்தால் அழுவார் என்று பயப்படுகிறோம். அழட்டும். ஆனால் மாதங்கள் கடந்தும் சாப்பிடாமல், தூங்காமல், "நானும் போயிடலாம்" என்று பேசினால் ஜெபத்தோடு நிறுத்திவிடக்கூடாது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் முளைக்காது. மனம் உடைந்தவர்களிடம் பேசும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் தொலைபேசி 03-7627 2929 இரவும் பகலும் இருக்கிறது. அன்று அவரைத் தனியாக விட்டுவிட்டு வராதீர்கள், வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தையும் களைக்கொல்லியையும் எடுத்துவந்துவிடுங்கள். தோட்டப்புறத்தில் அவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும்.

கேள்வி: ஒரு குடும்பம் ஆலோங்கிடம் (உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம்) கடன்பட்டு வீட்டு வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றும் அளவுக்கு ஆகிவிட்டது. சபை நிதியிலிருந்து கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள். வட்டி முதலைக்கு ஒருமுறை வெளியாள் பணம் கட்டினால், "சபை கட்டும்" என்று தெரிந்துவிடும். அடுத்த நோட்டீசில் ஆயர் வீட்டு விலாசம் இருக்கும். போலீஸ் புகாருக்குத் துணையாகப் போங்கள். சாயத்தைக் கழுவுமுன் படம் எடுங்கள், அழைப்பு எண்கள், மெசேஜ்கள், பணம் கட்டிய ரசீதுகளை அழிக்காமல் வையுங்கள். பேங்க் கடனும் சேர்ந்திருந்தால் அதைச் சீரமைக்க ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக உதவும். ஆலோங் கடனுக்கு அது வராது.

சபை தரவேண்டியது சோறும் பள்ளி பஸ் காசும். மளிகைக் கடையில், வீட்டு உரிமையாளரிடம், பஸ் ஓட்டுநரிடம் நேரே கொடுங்கள். திருப்பித் தரும் கடனாகக் கொடுக்கவே வேண்டாம். கொடுத்த நாளிலிருந்து அந்தக் குடும்பம் சபைக்கு வருவதை நிறுத்திவிடும். இரண்டு கையெழுத்து இல்லாமல் நிதி வெளியே போகக்கூடாது, அதில் ஒன்று ஆயருடையதாக இருக்கவேண்டாம். யாருக்குக் கொடுத்தோம் என்பது மூன்று பேருக்குத் தெரிந்தால் போதும், எவ்வளவு போனது என்பது எல்லாருக்கும் தெரியவேண்டும். எருசலேமின் முதல் சபையிலேயே விதவைகளுக்குப் பந்தி வைப்பதில் முறுமுறுப்பு வந்து, ஏழு பேரைத் தனியாக நியமிக்க வேண்டியதாயிற்று. நம் சபையில் வராது என்று நினைக்கவேண்டாம்.

இன்னொன்று: அவசரத்துக்கு என்று மாதர் சங்கத்தில் கூட்டுச் சீட்டுப் பிடிக்கும் யோசனை பல இடங்களில் உண்டு. இதை ஒரு தொழிலாக நடத்துவதை 1971 ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், சீட்டு எடுத்தவர் ஓடிவிட்டால் சபையும் பிளந்துவிடும்.

கேள்வி: ஒரு சகோதரியைக் கணவன் அடிக்கிறார். இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து ஜெபித்து அனுப்பினோம். மறுபடி அடி.

பதில்: சேர்த்து உட்காரவைத்ததே தவறு. கணவன் முன்னால் அவர் உண்மை பேசமுடியாது, பேசினால் வீட்டில் அதற்கும் சேர்த்து விழும். அவரைத் தனியாக, பெண் ஒருவர் சந்திக்கவேண்டும். காயம் இருந்தால் அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போகலாம். அங்கே இப்படிப்பட்டவர்களுக்கென்றே தனி ஏற்பாடு உண்டு, மருத்துவ அறிக்கை பிறகு உதவும். 1994 குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் சமூக நல அதிகாரியே 7 நாள் அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம். 15999 என்ற உதவி எண்ணில் இரவும் பகலும் எடுப்பார்கள். ஐசி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பேங்க் புத்தகம், மாற்றுச் சாவி, கொஞ்சம் காசு ஆகியவை அடங்கிய பை ஒன்று நம்பகமான ஒரு வீட்டில் முன்கூட்டியே இருக்கட்டும். அது எந்த வீடு என்று ஜெபக்குழுவில் சொல்லாதீர்கள். ஜெபக் குறிப்பாகச் சொல்லப்படும் விஷயம் பாசாருக்குப் போய்ச்சேர அரைநாள் போதும்.

கேள்வி: வீட்டில் பாதிப் பேர் இந்துக்கள். போய் ஜெபிக்கும்போது சங்கடம் ஏற்படுகிறது.

பதில்: வீட்டுப் பெரியவரிடம் அனுமதி கேட்டுவிட்டு, சாமி மேடைக்கு முதுகு காட்டாத இடத்தில் உட்காருங்கள். சாவு வீட்டில் சடங்கு யார் முறைப்படி என்பதை இறந்தவர் சொல்லிவைத்திருந்தால் அதன்படி நடக்கட்டும், இல்லையேல் குடும்பம் முடிவு செய்யட்டும். சபை பெட்டியைப் பிடித்து இழுக்கக்கூடாது.

கேள்வி: புற்றுநோய் முற்றிய ஒரு தம்பி, "அண்ணே, நான் பொழைக்கமாட்டேனா?" என்று என்னிடம் கேட்டார். "ஆண்டவர் அற்புதம் செய்வார்" என்று சொல்லி வந்துவிட்டேன். மனசு உறுத்துகிறது.

பதில்: மறுபடி போங்கள், நேரம் இருக்கிறது. "டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னார்?" என்று கேளுங்கள். அவருக்கு எவ்வளவு தெரியும், இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பது அந்தப் பதிலில் இருக்கும். அதற்குமேல் நீங்கள் சொல்லவேண்டாம், கீழேயும் பொய் வேண்டாம். யாரைப் பார்க்க ஆசை, யாரோடு பேசாமல் இருக்கிறார், திருவிருந்து வேண்டுமா, எங்கே அடக்கம் செய்யவேண்டும் என்பதை அவரே பேச ஆரம்பிக்கலாம். எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வலிக்குக் கொடுக்கும் மார்பின் மருந்தைப் "பழகிடும்" என்று பயந்து வீட்டார் குறைத்துக் கொடுப்பார்கள். டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நேரத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். வலி ஏறியபின் துரத்திப் பிடிப்பது கடினம். அந்த மருந்தால் மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்கவேண்டும். கடைசி நாட்களில் சாப்பாட்டை ஊட்டிவிட வற்புறுத்தாதீர்கள். உதடு காய்ந்திருந்தால் பஞ்சைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்து, கொஞ்சம் வாசலின் தடவுங்கள். பேச்சு நின்ற பிறகும் காது கேட்கக்கூடும். அதனால் கட்டில் பக்கத்தில் நின்று சவப்பெட்டி விலை பேசாதீர்கள்.